இரண்டு பெட்டி, தலா இருபத்து மூன்று கிலோ

நவம்பர் 27, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. முழங்கால் வலி, சுமார்.

இன்றைய வேலை: 1. காஸ் பதிவு. ஆயிற்று. 2. பென்ஷனுக்கு, உயிரோடு இருப்பதற்கான சான்று. ஆயிற்று. உயிரோடுதான் இருக்கிறேன். 3. விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று தெரிந்துகொள்வது. இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். பத்து மணிக்கு உட்கார்ந்தேன். இப்போது மாலை ஐந்து.

அடுத்த வெள்ளிக்கிழமை பயணம். டொராண்டோ, ஷீலா வீட்டுக்கு. மாப்பிள்ளை ஆனந்த் இரண்டு டிக்கெட்டுகளாகப் பிரித்து வாங்கியிருக்கிறார். பெங்களூரிலிருந்து மும்பை வரை ஒரு கம்பெனி. மும்பையிலிருந்து டொராண்டோ வேறு கம்பெனி. அதில் ஏதோ மிச்சமாம். மிச்சம் அவருக்கு, தலைவலி எனக்கு.

முதல் டிக்கெட்டில்: 15 கி., ஒரு பெட்டி.
இரண்டாவதில்: இரண்டு பெட்டி, தலா 23 கி.

இதை ஐந்தாம் வகுப்புக்குக் கணக்காகக் கொடுத்தால்: ஒரு பெண்மணி மும்பையிலிருந்து இரண்டு பெட்டிகளுடன் புறப்படலாம். மும்பை வரை ஒரு பெட்டிதான் கொண்டுவரலாம். இரண்டாவது பெட்டி மும்பைக்கு எப்படி வந்தது? என் பிள்ளைகளில் மக்கானவன்கூட எழுந்து நின்று “கணக்கு தப்பு மிஸ்” என்று சொல்லியிருப்பான். இவர்கள் இதை அச்சடித்து, கீழே விமானப் படமும் போட்டிருக்கிறார்கள்.

கம்பெனியின் இணையப் பக்கம். நான்கு அட்டவணைகள். மூன்றாவதில் ஒரு நட்சத்திரக் குறி. அதன் விளக்கம் அடியில், எறும்பெழுத்தில். அது வேறு பக்கத்துக்கு அனுப்புகிறது. அந்தப் பக்கம் திரும்ப முதல் பக்கத்துக்கே அனுப்புகிறது. நடுவில் ‘வழக்கமாக’, ‘சில தடங்களில்’, ‘பொருந்தும் இடங்களில்’. பொருந்தும் இடத்தில் பொருந்தும் என்று எழுத ஒருவனுக்குச் சம்பளம். முப்பத்தாறு வருடம் விடைத்தாள் திருத்தினேன். பதில் தெரியாத பிள்ளைதான் இப்படி வளைத்து வளைத்து எழுதும். அதற்காவது கொஞ்சம் வெட்கம் இருக்கும்.

மூலையில் கேள்வி கேட்கும் பெட்டி ஒன்று. ‘15 கிலோவா, 46 கிலோவா?’ என்று கேட்டேன். ‘தங்கள் பயணம் இனிதாகட்டும்’ என்றது.

நவம்பர் 28, வெள்ளி

வெயில். நேற்றைய துணி காய்ந்தது.

மும்பை வரை போகும் கம்பெனிக்குப் போன். இருபது நிமிடம் சங்கீதம். பிறகு ஒரு பெண்.

“அடுத்த இன்டர்நேஷனல் டிக்கெட்டைக் காமிச்சா ரெண்டு பெட்டியும் அலவ்டு மேம்.”

கணக்கைச் சரிபார்க்க இரண்டாம் தடவை போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மறுபடி போன். இம்முறை ஒரு பையன்.

“ரெண்டும் வேற வேற டிக்கெட் மேம். பதினஞ்சு கிலோதான்.”

மூன்றாம் தடவை. முதலில் பேசிய பெண்ணே எடுத்தாளோ, குரல் அப்படித்தான் இருந்தது. “ஏர்போர்ட்ல கேட்டுக்கோங்க மேம்.”

மதிப்பெண்: பூஜ்யம், பூஜ்யம், மூன்றாவதற்கு நேர்மைக்காக அரை.

மாலை தம்பி சேவியர் வந்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். “அக்கா, நீ எச்.எம். மாதிரி ஒரு சர்குலர் அனுப்பு. திருந்திடுவாங்க.” தையல் மெஷினைப் பலகையிலிருந்து கழற்றிக் கொடுத்தான். தலைப்பகுதி மட்டும். எண்ணெயை வடித்து, பழைய பனியன் துணியால் துடைத்து, சக்கரத்தைத் தனியே சுற்றி வைத்தான்.

“இந்த இரும்பையா தூக்கிட்டுப் போற? அங்க இல்லாத மெஷினா?”

“அங்கே கிடைக்கிறது மெல்லிசு. லைனிங் வெச்ச ஜாக்கெட் தைச்சா ஊசி ஒடியுதாம்.”

அவனிடம் சொன்னது அவ்வளவுதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஜூன் மாதம் ஷீலாவுக்கு வேலை போயிற்று. அந்த ஊர்த் தமிழ்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கப்போகிறேன் என்றாள். நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “எம்.டெக். படிச்சிட்டு ஊரான் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கப் போறியா? இதுக்கா படிக்க வெச்சேன்?” அவள் “சரி மம்மி” என்றாள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளைதான் பேசுவார். அவள் குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள். ஐந்து மாதம். அக்டோபரில் ஒரே ஒரு குரல்செய்தி: “மம்மி, வரும்போது என் மெஷினைக் கொண்டுவர முடியுமா? முடியலன்னா பரவால்ல.”

‘பார்க்கிறேன்’ என்று பதில் போட்டேன். நானும் நட்சத்திரக் குறி போட்டு எழுதுகிறவள்தான்.

முடியலன்னா பரவால்ல. அந்த இரண்டு வார்த்தைக்காக மெஷின் போய்ச் சேர வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்மசுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடக்கம். காலைப் பூசையில் நல்ல கூட்டம். பாடற்குழு சுருதி, சொல்வதற்கில்லை.

வெளிநாடு போகிறவள் என்று தெரிந்ததும் ஜோகுபாளையத்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. மதிப்பென்றால், காலி இடம் உள்ள லாரிக்கு இருக்கும் மதிப்பு. கோவில் வாசலில் பிலோமினா அக்கா பிடித்துக்கொண்டாள். எங்கள் மாடியில் இருப்பவள், டெனிசின் அம்மா.

“ரெஜினா, ஒரு சின்ன பார்சல்டீ. நம்ம டெனிசுக்கு.”

“டெனிஸ் வான்கூவர்லல்ல இருக்கான்?”

“ஒரே தேசந்தானே?”

“அக்கா, டொராண்டோலேர்ந்து பிளேன்லயே அஞ்சு மணி நேரம். இங்க பக்கத்துல அத்திபெலே போறவகிட்ட டில்லிக்குப் பார்சல் குடுக்கற மாதிரி இருக்கு.”

“நீ டொராண்டோல குடுத்துடு. அங்கேர்ந்து யாராவது போவாங்க.”

உலகம் முழுக்க யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள் என்று அவள் நம்பிக்கை. மாலையில் ‘சின்ன பார்சல்’ இறங்கி வந்தது. பிளம் கேக், செப்டம்பரிலேயே பழம் ஊறப்போட்டதாம். இறால் ஊறுகாய் ஒரு பாட்டில். ரோஸ் குக்கி, அதுதான் அச்சு முறுக்கு, ஒரு டின்.

இவளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. என் வீட்டுக்காரர் ஜோசப் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் இரண்டு வேளையும் மாடியிலிருந்து சாப்பாடு வந்தது. ஒரு நாள்கூட என்ன வேண்டும் என்று கேட்காமல் வந்தது.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொடுத்தனுப்பியிருக்கிறார். “ஆனந்துக்குன்னு சொல்லுங்க.” சொல்கிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

குளிர். இரண்டு பெட்டிகளும் கூடத்தில் வாயைத் திறந்து கிடக்கின்றன.

பெ.1: மெஷின் (மூன்று பெட்ஷீட் சுற்றி), பாபின் டப்பா, ஊசிப் பாக்கெட்டுகள், ஷீலாவின் தையல் கத்தரி, என் சேலைகள், கேக்.
பெ.2: கம்பளிக் கோட், சால்வை, மீதிச் சேலைகள், முறுக்கு, ஊறுகாய், ரோஸ் குக்கி, பொடி வகைகள், மருந்து மூன்று மாதத்துக்கு.

கைப்பை 7 கி. அதிலும் ஒரு பக்கத்தில் ‘கைக்கணினி உட்பட’ என்றும், இன்னொரு பக்கத்தில் ‘நீங்கலாக’ என்றும் போட்டிருக்கிறது. எனக்குக் கணினி இல்லை. தப்பித்தேன்.

பதினைந்து கிலோதான் என்றால் பெ.1-ல் மெஷினை மட்டும் வைத்து ஏற்றிவிடுவது, மற்றதெல்லாம் வீட்டுக்கு. அதற்காகச் சேவியர் விமான நிலைய வாசலில் காத்திருப்பான். உடுத்தியிருப்பதோடு கனடா குளிரில் இறங்குவேன். ஷீலாவின் கோட்டைப் போட்டுக்கொள்கிறேன். அவள் கொடுத்தால்.

டிசம்பர் 3, புதன்

நல்ல வெயில். நல்ல நாள்.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லை. தெருமுனை ரத்தினத்தின் பழைய பேப்பர் கடைக்குச் சேவியர் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தான். முதலில் மெஷினைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். 10.5 கி. மெஷினோடு வந்த புத்தகத்தில் 12 என்று போட்டிருக்கிறது. விற்கிறவன் கூட்டித்தான் எழுதுவான். விமானக் கம்பெனிக்காரன் மாதிரி இவனும் ஒரு புளுகன் என்று எண்ணிக்கொண்டேன்.

பெ.1: 22.9. பெ.2: 22.6.

“பாத்தீங்களா டீச்சரம்மா, கரெக்டா அடிச்சிட்டீங்க” என்றான் ரத்தினம்.

பெருமையாகத்தான் இருந்தது. முப்பத்தாறு வருடம் நிறுத்தல் அளவை நடத்தியவள் கண் அளவிலேயே 23-க்குள் கட்டியிருக்கிறாள். ரத்தினத்துக்கு ஒரு கை முறுக்கு. பெரியம்மா மன்னிக்கட்டும்.

“அக்கா, எதுக்கும் இன்னொரு தராசுல பாத்துடலாமா?” என்றான் சேவியர்.

“தேவையில்லை” என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

சேவியர் பெட்டிகளுக்கு நைலான் கயிறு கட்டினான். ஃபாக்டரியில் இயந்திரம் ஏற்றக் கட்டும் முடிச்சாம். “கனடா போலீசு வந்தாலும் அவுக்க முடியாதுக்கா.” நான்கு பக்கமும் என் பெயரை மார்க்கரில் எழுதினான். காணாமல் போன ஆளுக்கு ஒட்டும் சுவரொட்டி மாதிரி இருக்கிறது.

செய்ய வேண்டியவை: பால்காரருக்குச் சொல்ல. துளசிச் செடிக்குத் தண்ணீர், பிலோமினா அக்கா. பாஸ்போர்ட், மருந்துச்சீட்டு, இரண்டு டிக்கெட்டும் தாளில். கைப்பேசியை நம்புவதற்கில்லை.

ஷீலாவுக்கு மெஷின் வருகிறது என்று இன்னும் சொல்லவில்லை. ஏறட்டும், பிறகு.

டிசம்பர் 5, வெள்ளி. பெங்களூர் விமான நிலையம்

மும்பை விமானத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம். எழுதிவிடுகிறேன்.

கவுன்ட்டரில் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். நான் ஆங்கிலத்தில் தயார்செய்து வைத்திருந்த நான்கு வாக்கியங்களில் முதலாவதை ஆரம்பித்தேன்.

“தமிழா மேம்? மும்பைக்கு மேல டிக்கெட் இருக்கா? குடுங்க.” பார்த்தாள். “ரெண்டு பெட்டி ஓகே மேம்.”

“பதினஞ்சு கிலோன்னு...”

“அது மும்பையோட நிக்கிறவங்களுக்கு. உங்களுக்கு இல்ல மேம்.”

அவ்வளவுதான். ஒரு வாரமாக நான்கு அட்டவணை, மூன்று போன், எறும்பெழுத்து. அவளுக்கு அரை நொடி. இந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததை ஒரே வரியில் அந்தப் பக்கத்தில் எழுத ஒருத்தனுக்கும் துப்பில்லை.

உடனே வாசலில் நிற்கும் சேவியருக்குப் போன். “எல்லாம் சரியாப் போச்சுடா. நீ கிளம்பு.”

“அப்ப ஹெப்பாள் ட்ராஃபிக்குக்கு முன்ன போயிடறேன்க்கா.” போய்விட்டான்.

அதன்பிறகு பெ.1-ஐ எடைப் பட்டையில் வைத்தார்கள். 26.1.

“மறுபடி வைம்மா.”

26.1.

“உங்க தராசு தப்பும்மா.”

“எல்லாருக்கும் இதே தராசுதான் மேம்.”

பெ.2: 25.7.

அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டேன். மெஷின் 12, ரத்தினம் காட்டியது 10.5. பெட்டி 26.1, அவன் காட்டியது 22.9. எல்லாவற்றிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவு. பழைய பேப்பர் கடைத் தராசு வேறு எப்படிக் காட்டும்? அவன் வாங்குகிறவன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வீட்டுச் செய்தித்தாள் அத்தனையும் அந்தத் தராசில்தான் ஏறியது. மெஷின் புத்தகம் உண்மையைச் சொன்னது, சேவியர் எச்சரித்தான். விடை எனக்குப் பிடித்த மாதிரி வந்ததும் வழியைச் சரிபார்க்காமல் அடிக்கோடு போட்டுவிட்டேன். இதற்குத்தான் பிள்ளைகளை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்.

“அஞ்சே முக்கால் கிலோ குறைக்கணும் மேம். இல்லாட்டி எக்ஸ்ட்ரா கட்டணும். மும்பைல அவங்க மறுபடி கேப்பாங்க, அதுவும் பெட்டிக்குப் பெட்டி.”

தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் அலறியது. சேவியரின் முடிச்சு அவிழவில்லை. கத்தரி எங்கே? கட்டிய பெட்டிக்குள்ளே. கொண்டை ஊசியால் நெம்பி நெம்பி அவிழ்த்தேன். பின்னால் நீண்ட வரிசை. ஒரு பையன், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, “ஆன்ட்டி, எங்க ஃப்ளைட் போயிடும்” என்றான்.

கவுன்ட்டர் பெண் எட்டிப் பார்த்தாள். “அது என்ன மேம், இரும்பா? அதை ஒண்ணை எடுத்துட்டா முடிஞ்சிதே.”

“அது போகணும்.”

“அங்க புதுசே வாங்கிக்கலாம் மேம்.”

“வாங்கிக்கலாம்மா. ஆனா இது போகணும்.”

அவள் பின்னால் இருந்தவர்களைப் பக்கத்து வரிசைக்கு மாறச் சொன்னாள். பாதிப் பேர் மாறவில்லை, வேடிக்கை பார்த்தார்கள்.

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பெங்களூரில் காலை எட்டு மணிக்குக் கனடாக் கோட்டு. அது ஒரு கிலோ. பிறகு ஊறுகாயை எடுத்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

“எறா ஊறுகாயா? குடுங்கம்மா. இன்னைக்குச் சாப்பாட்டுக்கு ஆச்சு.”

ரோஸ் குக்கி டின். முறுக்குத் தூக்கு. கடைசியில் கேக். அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். செப்டம்பரிலிருந்து ஊறிய பழம். ஜோசப்புக்குக் கஞ்சி கொடுத்தனுப்பிய அதே கை. பெட்டிக்குள் மெஷின், பெட்ஷீட்டுக்கு வெளியே அதன் மூக்கு மட்டும் தெரிந்தது.

கத்தரியை எடுத்தேன். ஷீலாவின் தையல் கத்தரி. அதனாலேயே கேக்கை வெட்டினேன். வரிசையில் முதல் துண்டு, ஃப்ளைட் போயிடும் என்ற பையனுக்கு. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். தின்றான். “இன்னொரு பீஸ் இருக்கா ஆன்ட்டி?” கவுன்ட்டர் பெண் முதலில் டியூட்டி என்றாள், பிறகு மேசைக்குக் கீழே குனிந்து தின்றாள். மொத்தம் பதினாறு பேர். முறுக்கும் ரோஸ் குக்கியும் எங்கே போயின என்று கணக்கு வைக்கவில்லை. மிச்சம் பிடித்த மாப்பிள்ளைக்கு முறுக்கு நஷ்டம்.

கத்தரியைத் துடைத்து உள்ளே வைத்து, சேலைகளை மாற்றி அடுக்கி மறுபடி வைத்தேன். பெ.1: 22.9. பெ.2: 22.8. ரத்தினம் சொன்ன எண்கள்தான், ஏறக்குறைய. இப்போது உண்மை.

கயிறு குப்பையில்.

அதே நாள். மும்பை

புழுக்கம். கோட்டைக் கழற்ற முடியாது, கையில் பிடித்தால் கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் போய்விடும். இன்னொரு ஈரச்சேலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெட்டிகளை எடுத்து, வண்டியில் தள்ளி, மறுபடி ஒப்படைத்தேன். இங்கே ஒரு பையன். இரண்டையும் வைத்தான், எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. “பாருப்பா” என்றேன், இந்தியில் தெரிந்தவரை. “டீக் ஹை ஆன்ட்டி.” எந்த லட்சணத்தில் வேலை பார்க்கிறான்! மெஷினுக்கு ஒட்டிய சீட்டை நானே இரண்டு தடவை படித்தேன். டொராண்டோ என்றுதான் இருக்கிறது.

பிலோமினா அக்காவுக்குப் போன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“எத்தன பேரு சாப்டாங்க?”

“பதினாறு.”

“நல்லாருக்குன்னாங்களா?”

“ரெண்டாவது கேட்டாங்க அக்கா.”

“எதால வெட்டின?”

“கத்தரிக்கோல்.”

“கர்த்தாவே! நீயெல்லாம் ஒரு டீச்சர்.” பிறகு, “டெனிசு போன வருசமும் சுகர்னு திங்கவேயில்லடீ. பக்கத்து வீட்டுக்குத்தான் குடுத்திருப்பான். ஊறுகாயாவது போச்சா?”

“அதுவும் இல்ல.”

“சரி, வரும்போது அவங்கிட்டேர்ந்து ஒரு சின்ன பார்சல் இருக்கும், வாங்கிட்டு வா.” வைத்துவிட்டாள்.

மணி மூன்றரை. ஷீலாவுக்குச் செய்தி போட்டேன்: ‘மெஷின் ஏறிவிட்டது.’ வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஜூனில் சொன்னதற்கு வாக்கியம் தேடினேன். ‘நான் சொன்னது தப்பு’ என்று எழுதி, அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அனுப்பினேன்.

அங்கே விடியற்காலை ஐந்து மணி இருக்கும். தூங்குவாள் என்று கைப்பேசியை உள்ளே வைக்கப்போனேன். உடனே பதில்.

‘நிஜமாவா மம்மி? அந்த வெயிட்டையா?’

பிறகு: ‘கிறிஸ்மசுக்குள்ள பதினொரு ஜாக்கெட் குடுக்கணும். ஹூக் வைக்க ஆள் இல்ல. நீ வைப்பியா?’

‘வைக்கிறேன். ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை?’

‘ஆறு.’

66. கண்ணாடி புதிதுதான். நூல் கோத்துவிடலாம். விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்